செங்கல் சூளையிலிருந்து செவ்வாய் வரை



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு மேதையின் வாழ்க்கை கட்டாயம் இருக்கும். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், ஜேம்ஸ் வாட் எல்லாம் நமக்கு மனப்பாடம். அதனால் இந்தத் தடவை நான் வேறு ஒருவரைப் பிடித்திருக்கிறேன். பெயர் ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி. வாயில் நுழையக் கொஞ்சம் சிரமப்படும், இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் பழகிவிடும். இத்தாலி நாட்டுக்காரர். செவ்வாய்க் கிரகத்தை அளந்து மேப் போட்டு, அங்குள்ள இடங்களுக்கு இன்றுவரை வழங்கும் பெயர்களை வைத்தவர். வானியல் தெரிந்தவர்களிடம் இவர் பெயரைச் சொன்னால் மரியாதையாகப் பேசுவார்கள். கூடவே லேசாகச் சிரிக்கவும் செய்வார்கள். அந்தச் சிரிப்பு எந்த அளவுக்கு நியாயம் என்று பார்ப்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவருடைய அப்பா செங்கல், ஓடு சுடும் சூளைக்காரர். எங்கப்பாவும் காளவாசலில் கல் அறுக்கிறவர். லீவு நாளில் காயப்போட்ட பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டு வளர்ந்த ஆள் நான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். நானும் சிவில், அவரும் சிவில்! இவ்வளவு பொருத்தம் இருக்கும்போது விடலாமா?

ஸ்கியாபரெல்லி 1835-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி சவில்யானோ என்ற சிறிய ஊரில் பிறந்தார். வட இத்தாலியில் பியட்மாண்ட் பகுதியில், டூரின் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஊர் அது. அப்போது இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது, துண்டு துண்டாக இருந்தது. 1861-ல்தான் ஒன்றாயிற்று.

அவருக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு நாள் ராத்திரி அப்பா வானத்தைக் காட்டி நட்சத்திரக் கூட்டங்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். அதிகம் படிக்காத மனிதர்தான். ஆனாலும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், பெரிய வண்டி, சின்ன வண்டி என்று அந்த ஊரில் வழங்கும் பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு எரிநட்சத்திரம் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அது என்ன என்று பையன் கேட்டான். படைத்தவனுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார் அப்பா. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

1842 ஜூலை 8-ஆம் தேதி வட இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம். ஏழு வயதுப் பையன் வீட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான். பட்டப்பகல் இருட்டாகிறது என்றால் பிள்ளை மனதில் எப்படிப் பதிந்திருக்கும்! அந்த ஊர்ப் பாதிரியார் பவுலோ டோவோ என்பவர் வானியலில் ஆர்வம் உள்ளவர். பையனுக்குப் புத்தகங்கள் கொடுத்தார். கோயில் மணிக்கூண்டில் ஏறித் தன் தொலைநோக்கியில் பார்க்கவும் விட்டார். ஒரு சூளைக்காரர் வீட்டில் இல்லாத இரண்டு பொருள் புத்தகமும் தொலைநோக்கியும். அந்த இரண்டையும் கொடுத்தவர் அவர்தான்.

ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமா? அதனால் டூரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொறியியல் படித்து, 1854-ல், 19 வயதில் பட்டம் வாங்கினார். நீர்ப்பாசனப் பொறியியலும் கட்டடக் கலையும் அவர் படித்த பாடம். அதாவது வாய்க்கால் வெட்டுவது, தண்ணீரைக் கொண்டுபோவது, கட்டடம் எழுப்புவது. வாய்க்கால் என்ற சொல்லைத்தான் பின்னால் உலகம் முழுவதும் இவர் தலையில் கட்டப் போகிறது. வேடிக்கைதான்!

படித்து முடித்ததும் அந்த வேலைக்குப் போகவில்லை. டூரினில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு தானாக வானியல் படித்தார். கையில் காசில்லாத காலத்தில் இப்படி முடிவெடுக்கத் துணிச்சல் வேண்டும். என்னால் முடியுமா என்று கேட்டால் சந்தேகம்தான். அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம், 1857-ல் பியட்மாண்ட் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து அவரை பெர்லினுக்கு அனுப்பியது. அங்கே என்கே என்ற பெரிய வானியலாளரிடம் பாடம். பிறகு 1859-ல் ரஷ்யாவில் புல்கோவா ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ரூவேயிடம் பயிற்சி. 1860-ல் திரும்பி வந்து மிலான் நகரத்தில் பிரேரா ஆய்வுக்கூடத்தில் இரண்டாம் நிலை வானியலாளராகச் சேர்ந்தார். மறு வருடமே ஹெஸ்பீரியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1862-ல் தலைமை அதிகாரி கார்லினி இறந்துபோக, 27 வயதில் இவரே தலைவர்! அந்த நாற்காலியில் 38 வருடம் இருந்தார்.

இப்போது எரிநட்சத்திரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் பெர்சீட்ஸ் என்ற எரிநட்சத்திர மழை பொழியும். அந்தத் துகள்கள் விண்வெளியில் எந்தப் பாதையில் வருகின்றன என்று 1866-ல் ஸ்கியாபரெல்லி கணக்குப் போட்டார். வந்த விடையைப் பார்த்தால், 1862-ல் தோன்றிய ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரத்தின் பாதையும் அதுவும் ஒன்று! வால்நட்சத்திரம் உதிர்த்துவிட்டுப் போன தூசு பூமியின் காற்றில் மோதி எரிவதுதான் எரிநட்சத்திரம் என்று அப்போது புரிந்தது. இதற்காக 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. நாலு வயதில் அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு 31 வயதில் மகனே பதில் சொல்லிவிட்டார். அவர் வேறெதுவும் செய்யாவிட்டாலும் எனக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் அவரை உலகத்துக்குத் தெரியவைத்தது செவ்வாய்தான்.

செவ்வாயைத் தொலைநோக்கியில் பார்த்தால் ஆரஞ்சு வட்டத்தின் மேல் கருமையான திட்டுகள் தெரியும். முதன்முதலில் 1659-ல் ஹாலந்து நாட்டு ஹைஜென்ஸ் அப்படி ஒரு திட்டை வரைந்தார். முக்கோணம் மாதிரி இருக்கும் அதற்குத்தான் இன்று சிர்ட்டிஸ் மேஜர் என்று பெயர். இந்தக் கறுப்புத் திட்டுகள் கடல் என்றும் ஆரஞ்சுப் பகுதி நிலம் என்றும் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். ஒருவர் வரைந்த படமும் இன்னொருவர் வரைந்த படமும் ஒத்துப்போகவில்லை. வரைந்தவர் கை சரியில்லையா, அல்லது செவ்வாயே மாறுகிறதா? யாருக்கும் தெரியவில்லை. முறையாக அளந்து வைத்தால்தானே அடுத்த தடவை ஒப்பிட முடியும்!

1877 செப்டம்பரில் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தது. அருகில் என்றால் சுமார் 5 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர். அப்போது அது வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காசை 200 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. ஸ்கியாபரெல்லியிடம் இருந்தது 22 சென்டிமீட்டர் வில்லை உள்ள மெர்ஸ் கம்பெனித் தொலைநோக்கி. அது 300 மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் அதே காசை முக்கால் மீட்டருக்குள் வைத்துப் பார்ப்பது மாதிரி. அதுவும் சும்மா இல்லை, கொதிக்கிற தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் இருக்கும் காற்று அப்படி. ஒரு நொடி தெளியும், உடனே கலங்கிவிடும். அந்த ஒரு நொடியில் பார்த்ததை வரைய வேண்டும். ஆய்வுக்கூடமோ மிலான் நகரத்துக்கு நடுவே ஒரு பெரிய மாளிகையின் மொட்டை மாடியில்.

இந்த நிலைமையில்தான் அவர் சர்வேயராக மாறினார். நாம் முதலில் ஸ்டேஷன் பாயின்ட் குறித்துவிட்டு அப்புறம் டீட்டெயில் எடுப்போம் இல்லையா? அதேதான். மைக்ரோமீட்டர் பொருத்தி, செவ்வாயின் மேல் 62 புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அட்சரேகை தீர்க்கரேகை கணக்கிட்டு, அந்தச் சட்டத்துக்குள் மேப்பை வரைந்தார். அதற்கு முன் வந்த மேப்புகளில் வானியலாளர்களின் பெயர்கள் இருந்தன, அதில் யார் பெயர் பெரிது என்று ஏகப்பட்ட தகராறு. இவர் அதையெல்லாம் தள்ளிவிட்டு பழைய கிரேக்க, லத்தீன் புராணத்திலிருந்தும் பூகோளத்திலிருந்தும் பெயர்களை எடுத்தார். ஹெல்லாஸ், எலிசியம், தார்சிஸ், கிரைசி, சோலிஸ் லாக்கஸ்... எல்லாம் அவர் வைத்தவை. 1976-ல் வைக்கிங் 1 இறங்கியது அந்த கிரைசியில்தான்.

வேலையில் கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ராத்திரி பார்க்க வேண்டும் என்றால் மது கிடையாது, நரம்பைத் தூண்டும் எதுவும் கிடையாது, முக்கியமாகக் காபி அதிகம் கூடாது. (நம் ஹாஸ்டலில் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நடப்பதற்கு நேர் எதிர்!) அவருக்கு நிறக்குருடும் இருந்தது. சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. ஆனால் இருட்டு, வெளிச்சம் இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டை அவர் கண் நன்றாகப் பிடித்தது. கறுப்புத் திட்டைப் பார்க்க நிறம் எதற்கு?

செவ்வாய் சுமார் 26 மாதத்துக்கு ஒரு முறை நமக்கு நேரே வரும். 1879, 1881, 1884 என்று ஒவ்வொரு தடவையும் அவர் விடாமல் பார்த்தார். திட்டுகள் நிஜமாகவே மாறின! சிர்ட்டிஸ் மேஜரின் கறுப்பு பக்கத்திலிருந்த லிபியா என்ற வெளிச்சமான பகுதிக்குள் நுழைந்து பரவியது. சோலிஸ் லாக்கஸ் என்ற கண் மாதிரியான திட்டு வருடத்துக்கு வருடம் வடிவம் மாறும். நீர்ப்பாசனம் படித்தவருக்கு என்ன தோன்றும்? தட்டையான கரை, ஆழம் இல்லாத கடல், வெள்ளம் ஏறி நிலத்தை மூடியிருக்கிறது என்று எண்ணினார். துருவத்தில் வெண்மையான பனி கோடையில் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது. உருகிய தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? கையில் இருந்த சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் அவர் நினைத்தது மோசமான யூகம் இல்லை என்றே நான் சொல்வேன்.

இப்போது அந்தச் சிரிப்பு விஷயம். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே மெல்லிய கோடுகள் ஓடுவதாக அவர் பார்த்தார். அவற்றுக்கு இத்தாலிய மொழியில் கனாலி என்று பெயர் வைத்தார். இயற்கையாக உள்ள நீரோடை, கால்வாய்ப் பள்ளம் எதற்கும் அந்தச் சொல் பொருந்தும். ஆனால் இங்கிலீஷில் போகும்போது அது ஆள் வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. சூயஸ் கால்வாய் திறந்து (1869) எட்டு வருடம்தான் ஆகியிருந்தது, எல்லோருக்கும் கால்வாய்ப் பைத்தியம். வெட்டியவன் ஒருவன் அங்கே இருந்தாக வேண்டுமே! போதாக்குறைக்கு 1881-82-ல் பல கோடுகள் இரட்டைக் கோடாகத் தெரிவதாக அவரே அறிவித்தார்.

அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் என்ற பணக்காரர் இதைப் பிடித்துக்கொண்டார். 1894-ல் அரிசோனாவில் சொந்தமாக ஆய்வுக்கூடமே கட்டினார். காய்ந்து சாகும் கிரகம், துருவத்துத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுபோகும் அறிவாளி மக்கள், திட்டு கறுப்பாவது பயிர் முளைப்பதால் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். ஸ்கியாபரெல்லி அவ்வளவு தூரம் போகவில்லை. வெட்டியது யாரோ என்று அவர் அடித்துச் சொன்னதும் இல்லை, இல்லவே இல்லை என்று மறுத்ததும் இல்லை. 1895-ல் மட்டும் ஒரு கட்டுரையில் கற்பனையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டார். மறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

1903-ல் இங்கிலாந்தில் மாண்டர், எவான்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். கிரீனிச்சில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களை உட்காரவைத்து, செவ்வாய் மாதிரி ஒரு படத்தைக் காட்டி, அப்படியே வரையச் சொன்னார்கள். படத்தில் கோடே கிடையாது, சின்னச் சின்னப் புள்ளிகளும் நெளிசல்களும் மட்டும். படத்துக்கும் தூரத்துக்கும் நடுத்தரமாக உட்கார்ந்த பையன்கள் நேர்க்கோடு போட்டிருந்தார்கள்! செவ்வாயையே பார்த்திராத பிள்ளைகள். கண் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத புள்ளிகளை மூளை சேர்த்துக் கோடாக்கிவிடுகிறது. 1909 செப்டம்பரில் பாரிஸுக்குப் பக்கத்தில் மூடோன் என்ற இடத்தில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அந்தோனியாடி என்பவர் பார்த்தபோது, கோடு இருந்த இடத்தில் ஒழுங்கில்லாத கறுப்புச் சிதறல்கள்தான் தெரிந்தன.

நண்பர்களே, இதற்காக அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நம் காண்டூர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் ஸ்டாஃப் வைத்து ரீடிங் எடுக்கிறோம். அப்புறம் அறைக்குள் உட்கார்ந்து புள்ளிகளை அழகாக வளைத்து இணைக்கிறோம். இரண்டு புள்ளிக்கும் நடுவில் நாம் கால் வைத்ததே இல்லை. நடுவில் ஒரு குழி இருந்தால் ஷீட்டுக்குத் தெரியுமா? நம் ஷீட்டில் ரீடிங் எடுத்த புள்ளி எது, நாமாக இணைத்த கோடு எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை, இணைத்ததை அவர் கண்ணே இணைத்துக் கொடுத்துவிட்டது. கோடு பொய், சரி. ஆனால் 62 புள்ளி பொய் இல்லை. திட்டுகள் மாறியது பொய் இல்லை. எல்லோரும் கோட்டைப் பற்றியே பேசிப் பேசி, அவர் சரியாகப் பார்த்ததை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

சரி, திட்டு ஏன் மாறுகிறது? 1965-ல் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது பள்ளங்கள்தான் தெரிந்தன, கால்வாயும் இல்லை, கடலும் இல்லை. காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1971 நவம்பரில் மரைனர் 9 போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல்! புழுதி அடங்கும்வரை வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றிக் காத்துக்கிடந்தது. அடங்கியபின் எடுத்த படங்களில் விடை கிடைத்தது. கறுப்பு என்பது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையும் மணலும். ஆரஞ்சு என்பது அதன்மேல் படியும் மாவு மாதிரியான தூசு. காற்று தூசைக் கொண்டுவந்து போட்டால் வெளுக்கும், துடைத்துக்கொண்டு போனால் கறுக்கும். தண்ணீரும் இல்லை, பயிரும் இல்லை. கார்ல் சேகனும் போலாக்கும் இப்படித்தான் இருக்கும் என்று 1960-களின் கடைசியிலேயே சொல்லியிருந்தார்கள். கடல் என்று நினைத்த சிர்ட்டிஸ் மேஜர் உண்மையில் பள்ளமே இல்லை, அகலமாகப் படுத்திருக்கும் ஒரு பழைய எரிமலை.

காளவாசல் பக்கம் வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். லாரி போகும் பாதையோரத்து மரங்கள் எல்லாம் செம்மண் புழுதி படிந்து இலையா மண்ணா என்று தெரியாமல் நிற்கும். ஒரு நல்ல காற்று அடித்தால் பாதி மரம் பச்சை, பாதி மரம் சிவப்பு. மரம் வளரவும் இல்லை, சாகவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சூளையில் வெந்த கல் சிவப்பதற்கும் செவ்வாய் சிவப்பதற்கும் காரணம் ஒன்றேதான், இரும்பு ஆக்சைடு. சூளைக்காரர் மகன் வாழ்நாளெல்லாம் பார்த்தது செங்கல் நிறத் தூசு ஏறுவதையும் இறங்குவதையும்தான்! நிறக்குருடு இருந்ததால் அந்தச் சிவப்பு அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் மேப் கொடுத்த புகழால் இத்தாலிய நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி 49 சென்டிமீட்டர் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தது, 1886-ல் அது வேலைக்கு வந்தது. 1889-ல் அவரை செனட் உறுப்பினராக்கினார்கள். புதன் கிரகம் தன்னைத்தானே சுற்ற 88 நாள் என்று அதே வருடம் அறிவித்தார். அது சரியில்லை, சுமார் 59 நாள் என்று 1965-ல் ரேடார் காட்டியது. 1879-ல் செவ்வாயில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்து அதற்கு ஒலிம்பஸின் பனி என்று பொருள்படும் நிக்ஸ் ஒலிம்பிகா என்ற பெயர் வைத்தார். மரைனர் 9 படத்தில் அது சுமார் 22 கிலோமீட்டர் உயரமுள்ள எரிமலையாக வந்து நின்றது. சூரிய மண்டலத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய எரிமலை அதுதான்.

கண்ணையே கருவியாக வைத்துப் பிழைத்தவருக்குக் கடைசியில் கண் மங்கியது. 1900-ல் ஓய்வு பெற்றார். சும்மா இருக்கவில்லை. பழைய மொழிகள் தெரிந்தவர் என்பதால் பழங்கால மக்களின் வானியலை ஆராய்ந்தார். பைபிள் பழைய ஏற்பாட்டில் உள்ள வானியலைப் பற்றி 1903-ல் புத்தகம் வெளியிட்டார். 1910 ஜூலை 4-ஆம் தேதி மிலானில் காலமானார். அந்தோனியாடி கோட்டைச் சிதறல்களாகப் பார்த்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

2016 அக்டோபர் 19-ஆம் தேதி ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஸ்கியாபரெல்லி என்றே பெயர் வைத்த ஒரு இறங்குகலத்தைச் செவ்வாயில் இறக்கப் பார்த்தது. தரையைத் தொட்டுவிட்டோம் என்று அதன் கம்ப்யூட்டர் தவறாகக் கணக்குப் போட்டு, சுமார் 3.7 கிலோமீட்டர் உயரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டது. நேராக வந்து மோதியது. மறுநாள் அமெரிக்கச் சுற்றுக்கலம் மேலேயிருந்து எடுத்த படத்தில், முன்பு ஒன்றுமில்லாத இடத்தில் சுமார் 15 மீட்டருக்கு 40 மீட்டர் அளவில் ஒரு புதிய கறுப்புத் திட்டு இருந்தது. ஒரு கிலோமீட்டர் தெற்கே வெள்ளையாகக் கிடந்தது பாராசூட். நவம்பர் 1-ஆம் தேதி மறுபடி படம் எடுத்தபோது அந்தப் பாராசூட் காற்றில் வடிவம் மாறியிருந்தது.